மான்வேட்டை அம்பும் அதன் அலகும்: ஒரு வரலாற்று நோக்கு

வில்லும் அம்பும் இன்று நம்மவர்க்குக் கோயிற் சிற்பங்களிலும் நவராத்திரிக் கொலுவிலும் காணும் காட்சிப் பொருள்களாகிவிட்டன. இராமன் கையிலும் முருகனின் வேட்டுவக் கோலத்திலும் அவற்றைக் கண்டு கைகூப்புகிறோம். அந்த அம்பின் நுனியில் இருக்கும் இரும்பு எவ்வடிவினது, அவ்வடிவை வகுத்தவன் எதனை எண்ணி வகுத்தான் என்று நாம் கேட்பதில்லை. எம்மை அங்ஙனம் கேட்கச் செய்தவன் எம் தமக்கையின் மகன்.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரியும் அவன், விடுமுறையில் காக்ஸ் டவுனில் உள்ள எம் இல்லத்திற்கு வந்திருந்தான். அம்மாநிலத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாள் வில்வேட்டைப் பருவம் தொடங்கும். அண்டை வீட்டார் அழைக்க, முறைப்படி உரிமமும் பயிற்சியும் பெற்று இவனும் ஒருமுறை சென்றிருக்கிறான். எய்த அம்பு மானின் மேல் பட்டது. மான் ஓடியது. குருதித் தடத்தைப் பற்றி இருட்டும் வரை தேடியும் அது கிட்டவில்லை. இதனைக் கூறிவிட்டு அவன் கேட்டான்: “மாமா, அந்த மான் என்ன ஆகியிருக்கும்? அலகின் குற்றமா, என் கையின் குற்றமா? நம் முன்னோர்கள் எந்த அலகைத் தேர்ந்தெடுத்தார்கள்?”

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு உறவாடும் எமக்கு வில்வித்தை தெரியாது. ஆயினும் அவ்வினா எம்மை விடவில்லை. ஓராண்டுக் காலம் நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் தேடிக் கண்டவற்றைத் தமிழ் மக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை அலகுகள்

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் திசுச் சிதைவாலும் கொல்லும். அம்போ அறுத்துக் குருதி சிந்தச் செய்து கொல்லும். ஆகவே அம்பின் ஆற்றல் முழுவதும் அதன் அலகின் கூர்மையிலும் அகலத்திலும் அது ஊடுருவும் ஆழத்திலும் அடங்கியிருக்கிறது.

இன்றைய அமெரிக்க வேட்டுவர் இருவகை அலகுகளைக் கையாளுகின்றனர். ஒன்று, வெட்டுவாய்கள் அசையாமல் நிலைத்திருப்பது. இதனை நிலையலகு என்போம். மற்றொன்று, பறக்கும்போது வெட்டுவாய்கள் மடங்கியிருந்து, உடலில் பட்டவுடன் விரிவது; இதனை விரியலகு என்போம்.

இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வழக்கு அந்நாட்டு வில்லாளரிடையே பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அங்கு விசுகான்சின் மாநிலம் 1934-இல் மான்வேட்டைக்கு வில்லுக்கெனத் தனிப்பருவம் வகுத்தது. மிச்சிகனின் கிரேலிங் என்னும் ஊரில் வில் தொழிற்கூடம் நடத்திய பிரெட் பேர் என்பவர் 1956-இல் ‘ரேசர்ஹெட்’ என்னும் நிலையலகை வெளியிட்டார். பின்னர் மிசௌரி மாநிலத்தவரான ஆலன் என்பவர், கப்பிகளின் உதவியால் குறைந்த முயற்சியில் மிகுந்த விசை தரும் வில்லை அமைத்து 1969-இல் காப்புரிமை பெற்றார். வில்லின் வேகம் கூடியதும் பழைய அலகுக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அகன்ற நிலையலகு காற்றில் சிறகுபோல் செயற்பட்டு, வேகமாகச் செல்லும் அம்பைக் குறியினின்று விலக்கலாயிற்று. இக்குறையைத் தீர்க்கவே விரியலகு பரவியது. பறக்கும்போது ஒடுங்கியிருப்பதால் குறி தப்புவது குறைவு. பட்டபின் விரிவதால் காயம் அகலம். ஆனால் விரிவதற்கே அம்பின் விசையில் ஒரு பகுதி செலவாகிவிடும். வலுக்குறைந்த வில்லாயின் ஆழம் குறையும். சாய்வாகப் பட்டால் சில வேளை வழுக்கும். எலும்பிற் பட்டால் முறியவும் கூடும். நிலையலகுக்கு அசையும் உறுப்பு இல்லையாதலால் பழுதாதற்கு இடம் சிறிதே.

மேரிலாந்து மாநிலத்தில் ‘இந்தியன் ஹெட்’ என்னும் கடற்படைத் தளம் ஒன்று உண்டு. அங்கே மான்களின் தொகை பெருகாதிருக்க, தேர்வில் தேறிய வில்லாளர்க்கு மட்டும் வேட்டை அனுமதிக்கப்பட்டது. 1989 முதல் பல ஆண்டுகள் அவர்கள் எய்த ஒவ்வோர் அம்பையும் பற்றிக் குறிப்பெழுதி வைத்தனர். நிலையலகு பட்ட மான்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 82-உம், விரியலகு பட்டவற்றில் ஏறத்தாழ 91-உம் வேட்டுவர் கைக்குக் கிடைத்தன என்பது அக்கணக்கின் முடிவு. எண்கள் விரியலகின் பக்கம் நிற்கின்றன. எனினும் எஞ்சிய 18-உம் 9-உம் எம் மனத்தை உறுத்துகின்றன. அவை எங்கோ ஒரு புதரில் ஒடுங்கிய உயிர்கள் அல்லது ஆறாத புண்ணோடு திரிந்தவை. எம் மருமான் தேடிக் காணாததும் அவற்றுள் ஒன்றே.

எலும்பும் கல்லும் இரும்பும்

அலகைத் தேரும் சிக்கல் அமெரிக்காவில் தோன்றியதன்று. இலங்கையின் தென்மேற்கில் களுத்துறை மாவட்டத்தில் ஃபா-ஹியன் குகை உள்ளது. அங்குக் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தோர், அவை சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன் வில்லில் தொடுக்கப்பெற்ற அம்பு முனைகளாதல் வேண்டும் என 2020-இல் வெளியிட்டனர். ஆப்பிரிக்காவிற்கு வெளியே வில்லுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. அம்மக்கள் மரக்கிளைகளில் வாழும் குரங்குகளையும் அணில்களையும் மிகுதியாக வேட்டையாடினர். சிறு விலங்குக்குச் சிறு முனை போதுமாயிருந்தது.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் செம்மணல் தேரிகளில் மிகச் சிறிய கற்கருவிகள் கிடைக்கின்றன. சாய்னர், ஆல்சின் ஆகிய இருவரும் இவற்றைப் பற்றி 1956-இல் விரிவாக எழுதினர். நுணுக்கமாகச் செதுக்கப்பெற்ற கல்முனைகளும் அவற்றுள் உள்ளன. இத்தகைய சில்லுகளை மரக்கோலில் பிசின் கொண்டு பதித்து அம்பாக்குவது உலகின் பல பகுதிகளிலும் இருந்த வழக்கம். கல் மிகக் கூரியது. எனினும் எலும்பில் பட்டால் நொறுங்கும்.

இக்குறையை இரும்பு தீர்த்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் இரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வில் வாள், ஈட்டி முனைகளோடு இரும்பு அம்பு முனைகளும் வெளிப்பட்டன. நாம் பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்லும்போது கடக்கும் கிருட்டிணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை என்னும் ஊர் உள்ளது. அங்குக் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்னும் காலக்கணக்கு 2022-இல் அறிவிக்கப்பெற்றது. அதனினும் பழைய காலக்கணக்குகள் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து 2025-இல் வெளிவந்தன. அவை பற்றிய ஆராய்ச்சி தொடர்கிறது.

இரும்பு வந்தபின் கொல்லனுக்கு முன் இரு வினாக்கள் நின்றன. முதலாவது, அலகு அகன்றிருக்க வேண்டுமா, ஒடுங்கியிருக்க வேண்டுமா? இரண்டாவது, அலகு கோலோடு இறுகப் பிணைந்திருக்க வேண்டுமா, பட்டபின் நிலைமாற வேண்டுமா? மிச்சிகன் வில்லாளர் இன்று வாதிடுவதும் இவ்விரண்டையே என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

நூல் வகுத்த மூன்று தொழில்

இவ்வினாக்களுக்கு நம் நாட்டுப் பழைய நூலொன்று சுருக்கமாக விடை பகர்கிறது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் படைக்கலச் சாலையைப் பற்றிக் கூறுமிடத்து, அம்பு முனைகள் இரும்பாலும் எலும்பாலும் மரத்தாலும் ஆனவை என்றும், அவை அறுத்தல், துளைத்தல், மோதுதல் என்னும் முத்தொழிலுக்கு உரியவை என்றும் வகுக்கிறது. வில்லுக்குரிய பொருள்களுள் பனைமரத்தையும் அது சேர்த்திருப்பது பனைநாட்டாராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதாம்.

அந்நூல் உலகுக்குக் கிடைத்த வரலாறும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் அதன் ஓலைச்சுவடியை மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்தார். அந்நூலகத்தைச் சார்ந்த சாமா சாத்திரியார் அதன் அருமையை உணர்ந்து 1909-இல் பதிப்பித்தார். தஞ்சைத் தமிழகமும் மைசூர்க் கன்னடமும் கைகோத்திராவிடில் அச்செல்வம் மறைந்தே போயிருக்கும்.

அறுத்தல், துளைத்தல் என்னும் பாகுபாட்டின் உட்பொருள் யாது? அகன்ற அலகு மிகுதியாக அறுக்கும்; ஆயின் தோலும் தசையும் அதனை எதிர்த்துத் தடுக்கும். ஒடுங்கிய அலகு ஆழத் துளைக்கும். ஆயின் காயம் சிறிது, குருதித் தடமும் சிறிது. ஒன்றை மிகுத்தால் மற்றொன்று குறையும். கவசம் பூண்ட வீரனுக்குத் துளைக்கும் அம்பும், கவசமில்லாத மானுக்கு அறுக்கும் அம்பும் பொருந்தும் என்பது இதனாற் பெறப்படும்.

இலைவெட்டி அளவு காட்டிய வேடர்

மானுக்கு அறுக்கும் அம்பே ஏற்றது என்பதை வாழ்வில் கண்டவர் இலங்கையின் வேடர்கள். 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் ஆட்சிப்பகுதியில் சிறையிருந்து தப்பிய இராபர்ட் நாக்சு என்னும் ஆங்கிலேயர், 1681-இல் வெளியிட்ட தம் நூலில் அவர்தம் வழக்கம் ஒன்றைப் பதிவு செய்துள்ளார்.

வேடர்க்கு இரும்பு உருக்கத் தெரியாது. அம்பு தேவைப்பட்டால் இறைச்சியைச் சுமந்து இரவில் வந்து, ஊர்க் கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய அலகின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டி அதன் அருகில் மாட்டிவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வடிவிலேயே அலகு செய்து அதே இடத்தில் வைப்பான். வேடர் எடுத்துச் சென்று, பின்னும் இறைச்சி கொணர்ந்து நன்றி செலுத்துவர். கொல்லன் செய்யாது விட்டாலோ, என்றாவது ஓரிரவு அம்பெய்து தீங்கு செய்வர்.

இரு சாராரும் முகம் பாராமல், ஒரு சொல்லும் பேசாமல் நடந்த வணிகம் இது. இதில் வேடன் கொல்லனிடம் ‘ஓர் அம்பு செய்’ என்று கேட்கவில்லை. ‘இந்த அகலத்தில், இந்த நீளத்தில் செய்’ என்று அளவு கொடுத்தான் என்பதை நாம் கருதுதல் வேண்டும். எழுத்தறியாத அவன் அவ்விலையில் தன் பட்டறிவு முழுவதையும் வெட்டி வைத்தான். தன் வில்லின் வலிமை, தான் நெருங்கக்கூடிய தொலைவு, தான் நாடும் விலங்கின் தோல் ஆகிய மூன்றும் அவ்விலையின் ஓரக்கோட்டில் அடங்கியிருந்தன.

1911-இல் வேடரைப் பற்றிப் பெருநூல் எழுதிய செலிக்மன் இணையர், அவர்களின் அகன்ற இலைவடிவ இரும்பலகுகளை விரித்துரைத்துள்ளனர். வேடன் தொலைவிலிருந்து எய்பவனல்லன். ஓசையின்றி மிக அணுகி எய்பவன். அணுகி எய்வதால் அகன்ற அலகு காற்றில் விலகும் என்னும் அச்சம் அவனுக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்த பெரிய அம்புகளை அவர்கள் புனிதமாகப் போற்றினர். வேட்டை வாய்க்க வேண்டிக் ‘கண்டே யக்கா’ என்னும் முன்னோன் ஆவியை அழைத்தாடும் கூத்தில் அவ்வம்பே நடுவிடம் பெற்றது.

கழலும் அலகு

பட்டபின் நிலைமாறும் அலகு இக்காலப் புதுமை என்று எண்ணியிருந்த எமக்கு, அந்தமான் தீவினரின் பன்றியம்பு வியப்பளித்தது. அங்கு அரசு அலுவலராயிருந்த மேன் என்பவர் 1880-களிலும், 1906 முதல் 1908 வரை அங்குத் தங்கி ஆய்ந்த இராட்கிளிஃப்-பிரௌன் 1922-இல் வெளியிட்ட நூலிலும் இதனை விளக்கியுள்ளனர்.

பெரிய அந்தமான் மக்களின் பன்றியம்பில் இரும்பலகு ஒரு சிறு முன்கோலில் கட்டப்பெற்றிருக்கும். அம்முன்கோல் அம்பின் தண்டில் இறுகாமல் செருகப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு கயிறு இணைக்கும். அலகு பன்றியின் உடலில் தைத்ததும் தண்டு கழன்று கயிற்றில் தொங்கும். பன்றி ஓட ஓடத் தண்டு இழுபட்டுப் புதர்களிற் சிக்கி அதனைத் தடுத்து நிறுத்தும். அடர்ந்த காட்டில் குருதித் தடம் பற்றித் தேடுவது அரிது. ஆகவே விலங்கைத் தேடிச் செல்வதற்கு மாறாக, விலங்கு ஓடாதபடி செய்யும் அம்பை அவர்கள் வகுத்தனர். கரையில் உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்புத் துண்டைக் குளிர்நிலையிலேயே தட்டித் தேய்த்து இத்தகைய பொறியை அமைத்த மக்களை ‘நாகரிகம் அறியாதவர்’ என்று எழுதியோரும் உண்டு. விசையை அலகின் விரிவுக்குச் செலவிடுவது அமெரிக்கப் பொறி. விலங்கின் ஓட்டத்தையே விலங்குக்குத் தளையாக்குவது அந்தமான் பொறி. இரண்டில் எது நுண்ணிது என்பதைப் படிப்போர் முடிவுக்கு விடுகிறோம்.

ஓரியின் அம்பும் கலைமான் வினாதலும்

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். அம்பு, கணை, பகழி, வாளி, சரம், கோல், தொடை என அம்புக்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. அலகுடைய அம்பை அலகம்பு என்றும், முனை மழுங்கியதை மொட்டம்பு என்றும், பிறைவடிவினதைப் பிறையம்பு என்றும் வழங்கினர். பொருளின் வகை பலவாயிருந்தாலன்றிச் சொல்லின் வகை பலவாகாது.

புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடுகிறார். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் புள்ளிமான் கலையையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாம். புலவர் புகழ்ச்சி என்று இதனை ஒதுக்கலாம். ஆயினும் எதனைப் புகழ்கிறார் என்பது வரலாற்றுச் செய்தி. அம்பின் ஊடுருவும் ஆழமே அங்குப் புகழப்படுகிறது. ஆழம் என்பது அலகின் கூர்மையும் வில்லின் வலிமையும் கூடி விளைவது. ‘வல்வில்’ என்னும் அடைமொழி அவ்வலிமையைக் காட்டும்.

ஆனால் எல்லா அம்பும் ஓரியின் அம்பாகா. பட்ட விலங்கு ஓடிவிடுவதும் உண்டு என்பதற்கு நம் அகப்பொருள் மரபே சான்று. தினைப்புனம் காக்கும் தலைவியிடம் பேச விழையும் தலைவன், தான் எய்த விலங்கு ஒன்று இவ்வழி வந்ததோ என்று கேட்டுக்கொண்டு வருவான். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ என இதற்குத் துறைகளே உள்ளன. அவன் கேட்பது பொய்க் காரணம் என்பதைத் தோழியும் அறிவாள். ஆயினும் அப்பொய் செல்லுபடியாக வேண்டுமானால், அம்பு தைத்த கலைமானைத் தேடிக்கொண்டு அயலார் புனத்தின் வழி வருவது வேட்டுவனின் இயல்பான கடமையாக இருந்திருத்தல் வேண்டும் அன்றோ? எய்துவிட்டு வீடு திரும்பியவனாகத் தலைவனைப் புலவர் ஒருவரும் படைக்கவில்லை. எய்தவன் தேடி வருவான் என்பதே அச்சமுதாயத்தின் எதிர்பார்ப்பு. இதனைக் கண்டபோது எம் மருமானின் முகம் எம் கண்முன் நின்றது.

அருங்காட்சியகத்தில் ஒரு கல்

அவன் ஊர் திரும்புமுன் அவனை அழைத்துக்கொண்டு பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். 1865-இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் காப்பில், மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொணர்ந்த கல்லொன்று உள்ளது. கி.பி. 949-50-ஐச் சார்ந்தது. அதன் மேற்பகுதியில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் பொருதும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. மணலேரன் என்னும் வீரன் தன் தலைவனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்ற ‘காளி’ என்னும் வேட்டை நாய், பன்றியோடு போரிட்டு, இரண்டும் மாண்டன. அந்நாய்க்காக எடுத்த கல் அது.

அதே கல்லில் தக்கோலப் போரும் குறிக்கப்பெற்றுள்ளது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் கங்க மன்னன் பூதுகனும் ஒருபுறமும், சோழ இளவரசன் இராசாதித்தன் மறுபுறமும் நின்று பொருத போர் அது. யானைமேல் இருந்த இராசாதித்தனின் மார்பைப் பகைவனின் கூரிய அம்பு பிளந்தது என ஆனைமங்கலச் செப்பேடு கூறும். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று சோழநாட்டார் அவனை நினைவு கூர்ந்தனர். ஆதகூர்க் கல்லோ அவ்வெற்றியின் பெருமையைப் பூதுகனுக்கு உரியதாக்குகிறது. தமிழர்க்கு இழப்பும் கன்னடர்க்கு வெற்றியுமான ஒரு செய்தி, ஒரு நாயின் நினைவுக் கல்லில் அடங்கிக் கிடக்கிறது. இரு மொழியார் குழந்தைகளும் இன்று ஒரே பள்ளியில் படிக்கும் இந்நகரில் அக்கல்லை அமைதியோடு படிக்க முடிவது நாம் பெற்ற பேறு.

தமிழகத்திலும் இதற்கு இணையான கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில், எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு கோவிவன் என்னும் நாயையும் காட்டுகிறது. தலைவன் இறந்த பின்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். செங்கம் நடுகற்களில் வீரர் பலர் இடக்கையில் வில்லேந்தி நிற்கின்றனர்; உடலில் அம்புகள் தைத்த நிலையிலும் சிலர் காட்டப்பெற்றுள்ளனர். எய்தவரின் பெருமையை மட்டுமன்றி, எய்யப்பட்டவரின் புண்ணையும் நம் முன்னோர் கல்லில் பதித்து வைத்தனர்.

போருக்கோர் அறம், வேட்டைக்கோர் அறம்

அலகின் வடிவம் அறத்தோடும் தொடர்புடையது. மனு நூலின் ஏழாம் அதிகாரம், போரில் பின்முள் உடைய அம்பையும், நஞ்சு தோய்த்த அம்பையும், தீ மூட்டிய அம்பையும் எய்தலாகாது என விலக்குகிறது. பின்முள் உடைய அம்பைப் பிடுங்கினால் தசையையும் கிழித்துக்கொண்டு வரும். பகைவனாயினும் புண்ணாறிப் பிழைக்க வழி இருக்க வேண்டும் என்பது அவ்விதியின் கருத்தாதல் கூடும்.

இதற்கு நிகரான விதி அண்மைக் காலத்திலும் எழுந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890-களில் உடலிற் பட்டதும் விரியும் குண்டு செய்யப்பெற்றது. அதன் கொடுமையைக் கண்டு, அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் சாற்றின. வியப்பு என்னவெனில், போரில் கொடியதெனத் தடுக்கப்பட்ட அதே விரியும் குண்டு, வேட்டையில் இரக்கமுடையது எனப் போற்றப்படுகிறது. காரணம் எளிது. போரில் புண்பட்டவன் பிழைக்க வேண்டும் என்று விரும்புகிறோம். வேட்டையில் புண்பட்ட விலங்கு விரைந்து உயிர்விட வேண்டும் என்று விரும்புகிறோம். விரியும் அலகுக்கும் இவ்வளவையே பொருந்தும். கருவி ஒன்றே, கருதும் பயன் மாறினால் அறமும் மாறுகிறது.

வேட்டையே வேண்டா என்னும் அறமும் உண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. பிரிட்டனில் துப்பாக்கிக்கு இடமுண்டு. வில்லால் காட்டு விலங்கைக் கொல்வதை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. அமெரிக்க மாநிலங்கள் பல வில்வேட்டையை ஒப்பி, அலகின் அகலம் இன்ன அளவுக்குக் குறையலாகாது என விதிக்கின்றன. மூன்று நாடுகளும் ஒரே துன்பத்திற்கு மூன்று வகையில் விடை காண முயல்கின்றன.

முடிவுரை

இவற்றையெல்லாம் தொகுத்து மருமானுக்கு யாம் எழுதிய மறுமொழி சிறிது. “உன் வில் வலியதாயும், மான் பக்கவாட்டில் நிற்பதாயும், தொலைவு குறைவாயும் இருப்பின் விரியலகு உனக்கு உதவும் என்று கணக்குகள் காட்டுகின்றன. வில் மெலிதாயின், அல்லது மான் சாய்ந்து நிற்பின், நிலையலகே நம்பத்தக்கது. ஆனால் வேடன் வெட்டிய இலையை மறவாதே. அவன் பிறர் அலகைக் கடன் வாங்கவில்லை. தன் வில்லை அறிந்து தன் அலகைக் கேட்டான். நீ அண்டை வீட்டார் கொடுத்த அலகை, உன் வில்லுக்குப் பொருந்துமா என்று பாராமல் எய்தாய். குற்றம் அலகினதன்று. அணுக முடியாதபோது எய்யாமல் இருப்பதும் வில்வித்தையே” என்று எழுதினோம்.

அவனிடமிருந்து விடை வர இரு வாரங்களாயின. மறுநாள் விடியலில் தான் மீண்டும் சென்று தேடியதை எம்மிடம் முன்பு கூறவில்லை என்றும், அன்றும் மான் கிட்டவில்லை என்றும், இனி ஓராண்டு வைக்கோற் குறியில் எய்து பழகிய பின்னரே காட்டுக்குச் செல்வதா வேண்டாவா என்று முடிவு செய்வான் என்றும் எழுதியிருந்தான். எம் தமக்கை அக்கடிதத்தைப் படித்துவிட்டு, “தேடிப் போனானே, அது போதும்” என்றார்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் நம் மக்களுக்கு எதனைக் கொடுத்துச் செல்வது என்று அடிக்கடி கவலைப்படுகிறோம். பாட்டும் கூத்தும் பண்டிகையும் கொடுக்கிறோம், நன்று. அவற்றோடு, அயல்நாட்டுக் காட்டில் ஒரு வினா எழும்போது நம் நூல்களிலும் கற்களிலும் அதற்கு விடை தேடலாம் என்னும் நம்பிக்கையையும் கொடுப்போமாக. அடுத்த விடுமுறையில் உங்கள் இல்லத்துப் பிள்ளைகளை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். துருவேறிய அம்பு முனை ஒன்றைக் காட்டி, ‘இதன் அகலம் ஏன் இவ்வளவு?’ என்று கேளுங்கள். அக்கேள்வியிலிருந்து அவர்கள் கொல்லனிடமும், வேடனிடமும், அவன் எய்த மானிடமும் தாமே சென்று சேர்வார்கள்.